மேல் தண்ணீரின் சூடு

கடலுக்குள் ஒரு நாள்கூடப் போகாமல் கடலின் வயிற்றைப் படித்துச் சம்பளம் வாங்கியவள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில், கடற்கரையை ஒட்டிய ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலை. வாரம் ஒரு முறை எங்கள் படகு கடலுக்குப் போகும். பெண்பிள்ளைக்கு அதில் இடமில்லை என்பது எழுதாத சட்டம். ஆண்கள் போய், வாந்தி எடுத்து, வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, ஒரு மரப்பெட்டியை என் மேஜையில் வைப்பார்கள். பெட்டிக்குள் வரிசையாகக் கண்ணாடிச் சில்லுகள் இருக்கும்.

ஒவ்வொரு சில்லும் தீப்பெட்டியைவிடச் சின்னது. ஒரு பக்கம் புகை படிந்திருக்கும். பித்தளைக் குழாய் ஒன்றுக்குள் அதைச் செருகி, கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். குழாய் கீழே போகப் போக, உள்ளே இருக்கும் ஓர் ஊசி அந்தந்த ஆழத்தின் சூட்டுக்கு ஏற்றபடி நகர்ந்து புகையைக் கீறும். மேலே வந்த பிறகு பார்த்தால் நகம் பட்ட மாதிரி ஒரு கோடு. பூதக்கண்ணாடியை வைத்து அந்தக் கோட்டைப் படித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று எழுதுவதுதான் என் வேலை.

அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. மாசியில் கோடு நேராக இறங்கும். மேலிருந்து ஆழம் வரை ஒரே குளிர்ச்சி என்று அர்த்தம். சித்திரை வைகாசியில் மேல் தண்ணீர் காய்ந்து, கோடு சூட்டுப் பக்கம் சாய்ந்து நின்று, சட்டென்று வளைந்து குளிருக்குள் விழும். ஆனி ஆடிக் காற்று வந்து எல்லாவற்றையும் கலக்கும். புரட்டாசியில் காற்று ஓய்ந்துவிடும். வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாகப் பரவி வந்து, வெயிலில் மறுபடியும் சூடேறும். பிறகு வாடைக்காற்று. மார்கழி தையில் மறுபடியும் கோடு நேராகிவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை கொதித்து இரண்டு தடவை ஆறுவது கடல். எங்கள் வீட்டு ஆண்களைவிட அது எவ்வளவோ பரவாயில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில். அப்போது அது செங்கல்பட்டு ஜில்லா. கடல் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கருவாடு வரும் திசை, மழை வரும் திசை. இரண்டாவதுதான் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் கிழக்கே இருந்து மேகம் ஏறி வந்தால் ஏரி நிரம்பும், சம்பா விளையும். வராவிட்டால் ஏரியில் மாடு மேயும்.

மாதம் ஒரு இன்லாண்ட் லெட்டர் எழுதுவேன். எங்கள் வீட்டில் வந்த கடிதம் எதுவாக இருந்தாலும் அண்ணன் முதலில் அம்மாவுக்கு வாய்விட்டுப் படிப்பார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பிறகு கூடத்துத் தூணில் தொங்கும் கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பார். உரச்சீட்டு, கந்தாய வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, என் கடிதம் எல்லாம் அதே கம்பியில்தான். கம்பியில் இருந்து எடுத்தால் படித்துவிட்டுக் கம்பியிலேயே மாட்டவேண்டும். அது எங்கள் அப்பா, நைனா, உயிரோடு இருந்த காலத்து வழக்கம்.

என் கடிதங்களுக்கு இன்னொரு சொந்தக்காரி உண்டு. சின்னம்மா. என் சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்கு வயது முப்பதுகூட இல்லை, குழந்தையும் இல்லை. பாகம் பிரித்ததில் அவளுக்கு வந்தது ஏரிப் பாசனத்தின் கடைக்கோடியில் ஒரு கழனி. மதகிலிருந்து புறப்படும் தண்ணீர் ஊரார் கழனிக்கெல்லாம் உபசாரம் செய்துவிட்டு, மனசிருந்தால் கடைசியாக அவளிடம் வரும். எங்கள் அண்ணனின் கழனிகள் மதகை ஒட்டி. அங்கே பம்புசெட்டுக் கிணறு வேறு.

எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தபோது, பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். சின்னம்மாதான், "தனியா எதுக்கு? நான் கூடப் போறேன். அவ்ளோ தானே?" என்றாள். கழனியை அந்தப் போகம் சும்மா போட்டுவிட்டு வந்து, மூன்று மாதம் என்னோடு ஒற்றை அறையில் இருந்து சமைத்துப் போட்டாள். நான் இடம் பழகிக்கொண்ட பிறகுதான் ஊருக்குப் போனாள்.

அந்த மூன்று மாதத்தில் தினமும் சாயங்காலம் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடலு இன்னிக்கு இன்னா பண்ணுது?"

ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். நம் ஏரியில் சித்திரை மாதம் குளிக்க இறங்கினால் இடுப்பு வரை வெதுவெதுப்பு, கால் விரலில் சில்லிப்பு இல்லையா, கடலும் அப்படித்தான் என்றேன். அவள் கேட்டாள்:

"அப்போ எருமைங்க எறங்கிக் கலக்குனா?"

"மேல்சூடு போயிடும். கீழ்க்குளிர்ச்சி மேல வந்துடும். கடல்ல எருமை இல்ல, காத்து."

"மேல இருக்கற சூடு எத்தினி அடி போகுதுன்னு பாக்கணும், அதானே? மேல கைய வெச்சிப் பாத்துட்டு சூடுன்னு சொல்லிட முடியாது."

எம்.எஸ்ஸி. படித்த எங்கள் அதிகாரிகளில் இருவருக்கு இது இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. அவள் எழுத்துக்கூட்டியும் படிக்கத் தெரியாதவள்.

ஊருக்குப் போன பிறகும் என் கடிதம் வரும் நாளில் வந்துவிடுவாள். அண்ணன் படிக்க, நின்றபடி கேட்பாள். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் அவளுக்காகக் கடல் சேதி எழுதுவேன். மேல் தண்ணீர் எப்படி, கீழ்த் தண்ணீர் எப்படி என்று இரண்டும். ஊரில் இன்னும் நாலு பேர் வந்து கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறைப்பானேன், கர்வம்தான். கடிதத்தின் மேல்பாதியில் கடலை வர்ணித்து எழுத ஆரம்பித்தேன். சொல்லவேண்டிய எச்சரிக்கை எல்லாம் இடம் போதாமல் கடைசி மடிப்பில் நெருக்கி எழுதும்படி ஆகும்.

அந்த வருஷம் ஆடி ஆவணியில் ஏரிக்கு அரைத் தண்ணீர்தான் வந்தது. எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. ஏரி அரையாக இருக்கும் வருஷம், முழு மதகையும் திறந்து எல்லாக் கழனிக்கும் நடவு வைப்பதா, இல்லை முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆளுக்குப் பாதி நடுவதா என்று கோயில் மண்டபத்தில் கூடிப் பேசுவார்கள். பாசனக்காரர்களில் ஒரே ஒருவர் மறுத்தாலும் முழு மதகு திறக்கக்கூடாது. கடைக்கோடிக்காரர்களைக் காப்பாற்ற எந்தக் காலத்திலோ யாரோ புண்ணியவான் வைத்த கட்டு அது.

அந்தப் புரட்டாசியில் மறுத்தவள் சின்னம்மா. "முறை வெச்சே வுடுங்க. நான் கேவுரு போட்டுக்கறேன். கேவுருக்கு ரெண்டு தண்ணி போதும்" என்றாளாம். விதைக் கேழ்வரகைக்கூடப் புடைத்து வைத்திருந்தாள். நாலு நாள் பேச்சு நடந்தும் அவள் அசையவில்லை.

ஐந்தாம் நாள் என் கடிதம் வந்தது.

கூட்டத்தில் நடந்த இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தீபாவளிக்கு முந்தின நாள் நான் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வானம் வெளுத்துக் கிடந்தது. தீபாவளிக்கு ஒரு தூறல்கூட இல்லாத வருஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துப் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"வா பாப்பா. எங்க உன் மழ?"

"என் மழையா?"

"நீ தானே எழுதனே. கடலு சூடா கீது, இந்த வருசம் மேகம் தெரண்டு வரும்னு. உங்க அண்ணன் கோயில்ல நின்னு படிச்சாரு. அப்புறம் தானே கேவுரு போடப் போறேன்னு நின்ன உன் சின்னம்மாவே ஒத்துக்கினா, முழு மதகு தொறந்தாங்க."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பையை வீட்டில் போட்டுவிட்டு நேராகக் கடைக்கோடிக்குப் போனேன். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். மதகை ஒட்டிய எங்கள் கழனிகளில் நெல் முழங்காலளவு தழைத்து நின்றது. கால்வாய் நீளத்துக்கும் போகப் போகப் பயிர் குட்டையாகிக்கொண்டே வந்தது. சின்னம்மாவின் கழனியில் மண் வெடித்து, வெடிப்புக்குள் விரல் போகும்போல இருந்தது. பயிர் நுனி சுருண்டு மஞ்சளாக நின்றது. அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கேவுரு போடப் போறேன்னியாமே?" என்றேன்.

"போடறதா தான் இருந்தேன். நீ எழுதனப்புறம் இன்னா யோசனை? உங்க அண்ணன் அவரு நாத்துலயே மிச்சத்தக் குடுத்தாரு, நட்டுட்டேன். கேவுரு வெதைய இடிச்சிக் கூழு காய்ச்சிட்டேன்."

அண்ணன் நாற்று கொடுத்தாராம், ஊர்த் தண்ணீரைத் தன் கழனிக்கு வாரிக்கொள்வதற்காக. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி வைத்திருக்கிறார்.

திரும்ப வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் யாரும் இல்லை. கம்பியில் மேலாக என் இன்லாண்ட் இருந்தது. எடுத்துக்கொண்டு மறுபடியும் கழனிக்குப் போய், முதல் வரியிலிருந்து சின்னம்மாவுக்குப் படித்தேன். முதல் பாதியில் என் கர்வம் முழுக்க இருந்தது. இந்த வருஷம் புரட்டாசிக் கடலின் மேல் தண்ணீர் நான் வேலைக்கு வந்த பிறகு பார்த்ததிலேயே அதிகச் சூடு, இந்தச் சூட்டில்தான் மேகம் திரளும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். கடைசி மடிப்பில் இருந்தது இது:

"ஆனால் இந்தச் சூட்டை நம்பாதீர்கள். மெல்லிசாக இருக்கிறது. பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துக்குள் கோடு வளைந்துவிடுகிறது, கீழே ஒரே குளிர்ச்சி. நாலு நாள் காற்று அடித்தால் கலந்து ஆறிவிடும். மழை எங்கே போகும் என்று எங்கள் அதிகாரிக்கே தெரியாது. இதை வைத்து யாரும் நடவு முடிவு செய்யவேண்டாம். ஏரி அரைதான் நிரம்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன், சின்னம்மா கேழ்வரகு போடுவதுதான் நல்லது."

சின்னம்மா கடைசி மடிப்பை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஒரு வெடிப்பில் குச்சியை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கோயில்லயே நெனச்சேன் பாப்பா. மேல் தண்ணியப் பத்திச் சொல்றா, கீழ்த் தண்ணியக் காணோமேன்னு. நீ எப்பவும் எழுதுவே. கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். பக்கத்துல உங்கம்மா குந்திக்கினு இருந்தா. என் கையப் புடிச்சி அமுக்கி, பாப்பா எழுதனது அவ்ளோ தான்னா. அப்புறம் நான் இன்னா கேக்கறது?"

அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அண்ணன் அவளுக்கும் பாதிதான் படித்திருப்பார் என்று வரப்பில் நடந்தபடியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு விஷயத்தில் இன்னும் நேரம் இருந்தது. ஏரியில் மிச்சமாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று கூட்டம். எல்லோரும் ஒத்துக்கொண்டு திறந்த மதகை நடுவில் மூடும் வழக்கமில்லை. தண்ணீர் எட்டுகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அண்ணன் கட்சி. ஆனால் ஒப்புதலே பாதிக் கடிதத்தைப் படித்து வாங்கியது என்று தெரிந்தால், கூட்டம் மதகை மூடி முறை வைக்கும். கிணறு இல்லாத கடைக்கோடிக்கு முதல் முறை கிடைக்கும். சின்னம்மாவின் பயிர் நாலு தண்ணீரில் பிழைத்துவிடும்.

"கூட்டத்துல நான் படிக்கிறேன்" என்றேன். சின்னம்மா தலையாட்டினாள்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். கடிதத்தை என் பையில் வைத்திருக்கலாம். ரவிக்கைக்குள் செருகியிருக்கலாம். கம்பியில் இருந்து எடுத்தது கம்பிக்குப் போகவேண்டும் என்று கை பழகிப்போயிருந்தது. கொண்டுபோய் மாட்டினேன்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் கேட்டுவிட்டேன். வாய் நிற்கவில்லை.

"நீ எழுதாதது ஒரு வார்த்த நான் படிச்சேனா?" என்றார் அவர்.

"எழுதினதைப் படிக்காம விட்டீங்களே!"

"எல்லாத்தையும் படிச்சிக்கினு இருந்தா மதகு எப்படித் தொறக்கறது? மழ வரும்னு தான் நானும் நெனச்சேன். வராதுன்னு நீயும் எழுதல. தையில உனக்குக் கல்யாணம் வெச்சிக்கீது. பாதிக் கழனி நட்டா இன்னாத்த வெச்சி ஊருக்குச் சோறு போடுவேன்? யாருக்காவ செஞ்சேன், சொல்லு."

எனக்காகவாம். பெண் பார்த்துப் போயிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். மாதம் குறித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, உனக்காகத்தான் மேய்ந்தேன் என்று சொன்னால் பயிர் என்ன செய்யும்?

தீபாவளியன்று விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன். அம்மா வெந்நீர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். என் தலையில் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கை இதமாக இருந்தது. குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது கம்பியைப் பார்த்தேன். என் கடிதம் இல்லை.

"அடுப்பு பத்தல. பழைய காகிதம் ரெண்டு எடுத்துப் போட்டேன். எது இன்னா காகிதம்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மா.

பழைய காகிதங்கள் கம்பியின் அடியில் அப்படியே மஞ்சள் பூத்துக் கிடந்தன. மேலே இருந்தது மட்டும் காணோம். அந்த வெந்நீரில்தானே குளித்தேன் என்று நினைத்தபோது தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தொடப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க வடை சுட்டோம், தின்றோம். அண்ணன் குழந்தைகளோடு சரவெடி வைத்தார்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். பெண்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து, கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று சொன்னேன். வரி வரியாக மனப்பாடமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் தலைவர் கையை நீட்டினார்.

"கடுதாசி எங்கம்மா?"

"எரிஞ்சிடுச்சி."

யாரோ சிரித்தார்கள். மழை வரவில்லை என்றதும் பெண் பேச்சை மாற்றுகிறாள் என்று ஒரு குரல் வந்தது. அப்போது சின்னம்மா எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து அதிகம் பேசிப் பழகாதவள்.

"கடுதாசி இருந்துது. தீவாளிக்கு மொத நாளு என் கழனில குந்தி பாப்பா படிச்சா. கீழ்த் தண்ணி குளிர்ச்சின்னு அதுல கீது. நான் என் காதால கேட்டேன்."

அண்ணன் கோபப்படவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"சின்னம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் படிச்சப்பவும் கேட்டே. பாப்பா படிச்சப்பவும் கேட்டே. எது கடுதாசில இருந்துது, எது இல்லன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

சின்னம்மா நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குப் பதில் தெரியும். கையை அமுக்கியதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு மண்டபமே பார்த்தது. தலைவர் கேட்டார், "நீ சொல்லும்மா. உனக்குத் தானே மொதல்ல படிச்சிக் காட்டுவான் உன் புள்ள? எழுதி இருந்ததெல்லாம் படிச்சானா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, சின்னம்மாவையும் பார்க்கவில்லை.

"அவ எழுதனது முழுக்க அவன் படிச்சான்" என்றாள்.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது, மதகு திறந்தே கிடந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவை உலுக்கிக் கேட்டேன். "உனக்குத் தெரியும். முழுசா உனக்குப் படிச்சுக் காட்டினார். தெரியும் தானே?" அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள், "நாளைக்கு நீ உன் வூட்டுக்குப் போயிடுவே. எனக்குக் கஞ்சி ஊத்தறவன் அவன் தானே." அதில் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு அவளை மன்னிக்க வழியில்லாமல் போயிற்று. நான் எழுதியதைப் புரியாமல் எரித்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். இவள் புரிந்துகொண்டு எரித்தாள். அதற்கு முன்னால் என் தலையில் எண்ணெய் வைத்தாள்.

நான் மெட்ராஸ் போய்ச் சேர்ந்த வாரம் காற்று அடித்தது. நாலு நாள் அடித்தது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அது வடக்கே ஆந்திராப் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. படகு போய் வந்ததும் பெட்டியைத் திறந்து சில்லைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். கோடு நேராக இறங்கியது. நான் எழுதினபடியே மேல்சூடு போய்விட்டிருந்தது. சரியாகச் சொன்னோம் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். மேஜையில் தலையை வைத்து அழுதேன். பக்கத்து மேஜைக்காரர் கடல் கலந்ததற்கு ஒரு பெண் அழுவதை அன்றுதான் பார்த்திருப்பார்.

சின்னம்மாவின் பயிர் கதிர் வரும் முன்பே காய்ந்தது. மாட்டை விட்டு மேய்த்தாளாம். பிறகு உழவு மாட்டில் ஒன்றை விற்றாள். ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது. அந்தக் கழனியை அவள் கையால் பயிரிட்டது அதோடு சரி.

எங்கள் கழனி விளைந்தது. கிணறு கைகொடுத்தது. தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மறுத்திருக்கலாம். அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. மாப்பிள்ளைக்கு மெட்ராஸிலேயே வேலை, என் வேலையை விடச் சொல்லவில்லை. அந்த மதகுத் தண்ணீரில் விளைந்த புது நெல்லைக் குத்திச் சோறு வடித்துப் பந்தி பந்தியாகப் போட்டார்கள். சின்னம்மா வந்திருந்தாள். எல்லோரோடும் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள். நான் மாலையும் கழுத்துமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு என்னிடம் வந்தாள்.

"கடலு இப்போ இன்னா பண்ணுது பாப்பா?"

"கலந்துடுச்சி சின்னம்மா. மேலயும் கீழயும் ஒரே குளிர்ச்சி."

"மாசா மாசம் எனக்கு எழுதிப் போடு. அந்த வூட்டுக்கு எழுதாத. என் வூட்டுக்கு எழுது."

"யார் படிப்பாங்க உனக்கு?"

"யாரும் படிக்க வேணாம். ஒட்டினது ஒட்டினாப்பல வெச்சிருக்கேன். நீ வர்றப்போ நீயே பிரிச்சிப் படி."

எழுதினேன். இந்தத் தடவை கீழ்த் தண்ணீரை முதல் வரியிலேயே எழுதினேன். மேல் தண்ணீர் பிறகு. மாசியில் எழுதினேன், சித்திரையில் எழுதினேன், ஆடிக் காற்றில் எழுதினேன். ஆனால் ஊருக்குப் போகவில்லை. அந்தக் கம்பி தொங்கும் கூடத்தில் கால் வைக்கக்கூடாது என்று வைராக்கியம். சின்னம்மா வீட்டுக்குப் போக அந்தத் தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நிற்பாள், அண்ணன் வா என்பார், ஊர் பார்க்கும். அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளினேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம்கூட ஆகாத ஊர்.

இரண்டாம் வருஷம் கார்த்திகையில் சின்னம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். அன்றைக்குத்தான் போனேன். அந்த வருஷம் நல்ல மழை, ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். இரண்டு புடவைக்கு அடியில் என் இன்லாண்டுகள், மாதவாரியாக அடுக்கி, வாழைநாரால் கட்டியிருந்தாள். இருபதுக்கு மேல் இருக்கும். எதிலும் ஒட்டு பிரியவில்லை.

அண்ணனும் அம்மாவும் அவளுக்குச் செய்தது தெரியும். அவர்கள் மேல் இருந்த கோபத்தில் நான் வராமல் இருந்தேன். அந்தக் கோபத்துக்கும் காத்திருந்து தண்டம் கட்டினவள் அவள்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து முதல் கடிதத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தேன். கேட்க யாரும் இல்லை. சின்னம்மா வீட்டு வாசற்படியில் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, மிச்சத்தையும் படித்தேன்.